மேட்டுநிலத்துக் கார்காலம்

(பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் ஆவணிக் கடைசியில் தமிழ் அன்பர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்னும் சில நாட்களில் தொலைக்காட்சியில் ஒரு செய்தி வரும். தென்மேற்குப் பருவமழை மேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்கிவிட்டது என்பார்கள். வழக்கமாக அது செப்டம்பர் 17-ஐ ஒட்டி நடக்கும். அதைக் கேட்டதும் நம்மில் பலர் மழைக்கோட்டை மடித்து வைத்துவிடுகிறோம். மொட்டைமாடி விரிசலை அடைக்கிற வேலையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடுகிறோம். அந்த எண்ணத்தை மாற்றத்தான் இன்று பேச வந்தேன். ராஜஸ்தானை விட்டு மழை போகிற நேரத்தில்தான் இந்த மேட்டுநிலத்துக்கு உரிய மழை வருகிறது.

பெங்களூரில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சராசரியாக 1,000 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் செப்டம்பர் மாதம் மட்டும் 200-க்கு மேல். அக்டோபரும் அதற்கு அதிகம் பின்தங்குவதில்லை. ஆண்டு மழையில் ஐந்தில் இரண்டு பங்கு இந்த இரண்டு மாதத்தில் விழுந்துவிடுகிறது. ஜூலை முழுவதும் வானம் மூடிக்கிடக்கிறது, தினமும் தூறுகிறது, துணி காய்வதில்லை. ஆனால் மாதக் கடைசியில் மழைமானியைக் கூட்டிப் பார்த்தால் செப்டம்பர் மழையில் பாதியைத்தான் கொஞ்சம் தாண்டியிருக்கும். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தபோது ஆவணியையும் புரட்டாசியையும் கார்காலம் என்று வைத்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். தமிழகத்துச் சமவெளியில் பெருமழை கூதிரில்தான். இந்த மேட்டிலோ கார்காலம் தன் பெயருக்கு ஏற்றபடி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நாம் நிற்கிற தரை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி, ஓசூர் வழியாக ஊரிலிருந்து திரும்பி வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று குளிர்வதை உடம்பே அறியும். இந்த உயரம் நமக்கு நல்ல தட்பவெப்பத்தைக் கொடுத்தது. ஆனால் மேற்கே ஒரு மலைத்தொடர் நிற்கிறது. அரபிக்கடலிலிருந்து நீரைச் சுமந்து வரும் காற்று அந்த மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போதே சுமையை இறக்கிவிடுகிறது. ஷிமோகா மாவட்டத்து ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து நேர்கோட்டில் 200 கிலோமீட்டர்கூட இல்லாத சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரேயில் ஏறக்குறைய 500. ஒரே மாநிலம், ஒரே பருவக்காற்று. மலைக்கு எந்தப் பக்கம் பிறந்தோம் என்பதே ஓர் ஊரின் விதியாகிவிடுகிறது.

பெங்களூர் பாலைவனம் அல்ல. ஆனால் இங்கிருந்து வடக்கே துமகூரு, சிரா, ஹிரியூர் என்று போய்ப் பாருங்கள். மண் வெளிறும், முள்மரம் கூடும், கிணறுகள் ஆழமாகும். கிழக்கே பாவகடா, அதைத் தாண்டி ஆந்திரத்து அனந்தபூர். அனந்தபூரின் ஆண்டு மழை 550 மில்லிமீட்டர் அளவு. தென்னிந்தியாவின் வறண்ட மேட்டுநிலம் அதுதான். அந்த வறட்சியின் தெற்கு விளிம்பில் நாம் குடியிருக்கிறோம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை ஆகிவிடும் என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். அதை நிலநூல் அறிவாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். நிலம் பாலையாகப் பிறக்க வேண்டியதில்லை. நீர் வருகிற வழி கெட்டால் எந்த நிலமும் பாலையாகும்.

இந்தியாவில் உயர்நிலப் பாலை என்று முழுப் பொருளில் சொல்லத்தக்கது லடாக். லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் சேர்ந்தே 100 மில்லிமீட்டர் அளவுதான் மழையும் பனியும். அங்கே செப்டம்பர் என்றால் தெளிந்த வானம், பகலில் 20 டிகிரியை ஒட்டிய இளவெயில், இரவில் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிர். வாற்கோதுமை அறுவடையை முடித்து, தீவனப்புல்லை உலர்த்தி, குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்கிற மாதம் அது. மழை பெய்யாது என்ற நம்பிக்கையில்தான் அங்கே மண்சுவரும் தட்டைக்கூரையுமாக வீடுகள் கட்டினார்கள்.

2010 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி அந்த நம்பிக்கை உடைந்தது. மேகவெடிப்பு, மண்சரிவு, சேற்று வெள்ளம். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் காலையில் லே விமானப்படை ஆய்வகத்து மழைமானி காட்டிய அளவு 12.8 மில்லிமீட்டர். அவ்வளவுதான். அழிவு நடந்த இடமும் மழைமானி இருந்த இடமும் சில கிலோமீட்டர் தொலைவில்தான். மழைமானியில் பழுது எதுவும் இல்லை. வறண்ட உயர்நிலத்தில் மழை பரந்து பெய்வதில்லை, ஓரிடத்தில் குவிந்து கொட்டுகிறது. சில கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கருவிக்கு அது தெரிவதேயில்லை. லேயின் துயரத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் இது. நம் மேட்டுநிலத்தின் புரட்டாசி மழையும், உயிரிழப்பில் அல்ல, இயல்பில் அதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

ஏன் அப்படி? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரபிக்கடலிலிருந்து மேல்காற்று பலமாக அடிக்கிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அந்தக் காற்றில் மேகம் உண்டு, ஆழம் இல்லை. வெயில் மறைவதால் தரை சூடாவதில்லை. தரை சூடாகாததால் காற்று மேலே எழும்புவதில்லை. எழும்பினாலும் அந்த வேகமான காற்று மேகத்தின் தலையைக் கலைத்துவிடுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற மாதத்தில் இங்கே வெறும் சாரல் அடிப்பது அதனால்தான்.

ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி சூரியன் இரண்டாவது முறையாக நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. செப்டம்பரில் மேல்காற்று தளர்கிறது. வானம் காலையில் திறக்கிறது. பிற்பகல் வரை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. வங்கக்கடல் பக்கமிருந்து ஈரக்காற்று மெல்ல ஏறி வருகிறது. மேலடுக்கு சுழற்சி என்று செய்தியில் கேட்கிறீர்களே, அப்படி ஒன்று ராயலசீமைக்கோ வட தமிழகத்துக்கோ மேலே அமைந்துவிட்டால் போதும். மாலை நான்கு மணிக்குக் கிழக்கே கருக்கும். ஆறு மணிக்கு இடிக்கும். இரண்டாம் ஷிப்டு விடுகிற வரை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். ஹெப்பகோடியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது அத்திபெலேயில் சாலை காய்ந்து கிடக்கும். இதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மேகம் நின்ற இடத்திலேயே வளர்ந்து அங்கேயே இறங்குகிறது.

இந்த ஊர்ப் பெரியவர்கள் இதைக் கருவிகள் இல்லாத காலத்திலேயே கணக்கு வைத்திருந்தார்கள். கன்னட விவசாயிகள் மழையைச் சூரியன் நிற்கும் நட்சத்திரத்தின் பெயரால் அழைக்கிறார்கள். செப்டம்பர் பாதியிலிருந்து உத்தரெ மழை, மாதக் கடைசியிலிருந்து ஹஸ்த மழை, அக்டோபர் இரண்டாம் வாரம் முதல் சித்த மழை, அதன்பின் ஸ்வாதி. நம் உத்திரம், அஸ்தம், சித்திரை, சுவாதிதான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழ் பேசுகிற விவசாயியும் இதே கணக்கில்தான் பேசுவார். ஆனேக்கலில் ஆடியிலும் ஆவணியிலும் விதைத்த ராகி, உத்தரெயிலும் ஹஸ்தத்திலும் கதிர் விடுகிறது. அப்போது ஒரு நல்ல மழை விழுந்தால் மணி பிடிக்கும். இருபது நாள் வானம் ஏமாற்றினால் பதர். அதற்கு மாறாக மூடாக்கும் தூறலும் விடாமல் நீடித்தால் குலைநோய் வரும். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்து ஜி.பி.யூ. 28 ராகி இந்தப் பக்கம் பரவியதற்கு அந்த நோயைத் தாங்குவதும் ஒரு காரணம். ஆக ராகிக்காரருக்கு வேண்டிய முன்னறிவிப்பு 'இந்தப் பருவம் நன்றாக இருக்கும்' என்பதல்ல. கதிர் விடுகிற அந்த இரண்டு வாரத்தில் மழை எப்படி என்பதுதான்.

இங்கே வானிலை முன்னறிவிப்பின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தொடங்கியதே இந்த மேட்டுநிலமும் பட்டினியில் கிடந்த காலத்தில்தான். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே பருவமழை பொய்த்தது, பின்மழையும் பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் வந்தது. மைசூர் சமஸ்தானத்தில் 1871 கணக்கெடுப்பில் 50 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1881-இல் 42 லட்சத்துக்கும் கீழே போனது. சென்னை மாகாணத்தில் சேலமும் பெல்லாரியும் பட்ட பாடு உங்கள் குடும்பக் கதைகளில் இருக்கும். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டிடம் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று அரசு கேட்டது. இமயத்தில் பனி அதிகம் விழுந்த ஆண்டில் மழை குறைகிறது என்று அவர் கண்டார். 1886 முதல் நீண்டகால முன்னறிவிப்பு முறையாக வெளிவரத் தொடங்கியது. 1904-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் பசிபிக் கடலுக்கும் இந்தியக் கடலுக்கும் நடுவே காற்றழுத்தம் ஒரு பக்கம் ஏற மறுபக்கம் இறங்குவதைக் கண்டுபிடித்தார். எல் நினோ, லா நினா என்று இன்று டீக்கடையிலும் பேசப்படுவதன் வேர் அங்கேதான். 1999-இல் நம் கேரளத்துக்காரரான சாஜியும் ஜப்பானின் யமகாட்டாவும் இந்தியப் பெருங்கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே வெப்பம் மாறி மாறி அமைவதை உலகுக்குச் சொன்னார்கள். மேற்குப் பக்கம் சூடாக இருந்தால் நம் பக்கத்து இலையுதிர்கால மழைக்கு அது பெரும்பாலும் நல்லது.

எல்லாம் சரி, முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது? மாதக் கடைசியில் வானிலைத் துறை அடுத்த மாதத்துக்கான வரைபடம் வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று வாய்ப்புகள் உண்டு: இயல்புக்குக் கீழே, இயல்பு, இயல்புக்கு மேலே. 'இயல்புக்கு மேலே பெய்ய 55 சதவீதம் வாய்ப்பு' என்று போட்டிருந்தால், மீதி 45 சதவீதம் வேறு விதமாக நடக்கலாம் என்பதையும் அதே வரைபடம் சொல்லியிருக்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, மழை வராதபோது துறையைத் திட்டுகிறோம். இது நியாயமல்ல. மூன்று வாய்ப்பும் மூன்றில் ஒரு பங்காக இருந்தால் முன்கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை என்று பொருள். 50-ஐத் தாண்டினால் அதை நம்பி ஒரு முடிவு எடுக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துவிடக் கூடாது.

அன்றாட அறிவிப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஓரிரு இடங்களில் மழை பெய்யும் என்கிறார்களே, அது பொத்தாம்பொதுவான பேச்சு இல்லை; அதற்கு அளவு உண்டு. அந்தப் பகுதியின் மழைமானிகளில் நான்கில் ஒரு பங்குக்குள் மழை பதிவானால் ஓரிரு இடங்கள். பாதி வரை போனால் ஒருசில இடங்கள். முக்கால் வரை என்றால் அநேக இடங்கள். அதற்கும் மேலே போனால்தான் பெரும்பாலான இடங்கள். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை. மிகக் கனமழை 204.4 வரை. அதற்கு மேலே அதிகனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்கிற நிறங்களும் பயமுறுத்துவதற்கு அல்ல: மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயல்படு. இதை வைத்துப் பாருங்கள். 'தென் உள் கர்நாடகத்தில் ஓரிரு இடங்களில் கனமழை' என்ற வரிக்கு மைசூரிலிருந்து கோலார் வரை எங்கோ சில மழைமானிகளில் 64.5 தாண்டும் என்று பொருள். பொம்மசந்திரா அதில் இருக்குமா என்று அந்த வரி சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு ஒரு கருவிக் காரணமும் உண்டு. சென்னைத் துறைமுகத்து டாப்ளர் ராடார் இங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ராடார் கதிர் நேராகப் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. இவ்வளவு தூரம் வருவதற்குள் கதிர் கடல்மட்டத்துக்கு 7 கிலோமீட்டர் மேலே போய்விடும். ஆகவே பெங்களூர் மேகம் நன்றாக வளர்ந்து உச்சி தொட்ட பிறகே சென்னைக் கண்ணில் படும்; அடியில் கருக்கொள்ளும்போது தெரியாது. மேட்டுநிலத்துக்கு அருகிலேயே ராடார் வேண்டும் என்று வானிலை அறிஞர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்தக் குறையைத் தரையிலிருந்து ஈடு செய்கிற வேலையில் கர்நாடகம் நாட்டுக்கே முன்னோடி. இதை மனம் நிறைந்து சொல்கிறேன். 1988-இல் வறட்சிக் கண்காணிப்புப் பிரிவு ஒன்றை இந்த மாநிலம் தொடங்கியது. பிறகு அது மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமாக வளர்ந்தது, எலஹங்காவில் இருக்கிறது. மாநிலத்தின் கிராமப் பஞ்சாயத்துகள்தோறும் தானியங்கி மழைமானி வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவைத் திரட்டுகிறார்கள். 6,000-க்கும் மேற்பட்ட மழைமானிகள். வருண மித்ரா என்ற தொலைபேசி உதவியில் ஒரு விவசாயி தன் ஊர்ப் பெயரைச் சொல்லி மழை பற்றிக் கேட்கலாம். பெங்களூர் நகரத்துக்கு மேக சந்தேஷா என்ற செயலியும் உண்டு. லேயில் அந்த இரவில் இல்லாமல் போனது இதுதான்: அடுத்தடுத்த ஊர்களில் ஒரு மழைமானி. நம்மிடம் இருக்கிறது. நாம் கேட்பதில்லை.

எண்களை வைத்து என்ன செய்யலாம் என்பதற்குப் பாவகடா ஒரு சாட்சி. இந்திய அறிவியல் கழகத்தின் சுலோசனா காட்கில் அம்மையார் பருவமழை ஆய்வில் உலகம் அறிந்த பெயர். அவர் கணினிக்கு முன்னால் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. அனந்தபூர், பாவகடா பகுதியின் பல ஆண்டு மழைப் பதிவுகளை எடுத்து, நிலக்கடலை விதைக்கிற தேதியை முன்னும் பின்னும் நகர்த்தினால் காய் பிடிக்கும் நேரத்தில் வறட்சி தாக்கும் ஆபத்து எப்படி மாறுகிறது என்று, அந்த ஊர் விவசாயிகளோடு சேர்ந்து ஆராய்ந்தார். மழையை மாற்ற முடியாது. விதைக்கும் நாளை மாற்றலாம். முன்னறிவிப்பு என்பதன் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டிய வேலையை நான் அறியேன். ஆனேக்கலிலும் இது பொருந்தும். ஆவணியில் மழை தவறி ராகி போட முடியாமல் போனவர்கள், புரட்டாசிக்கு நல்ல வாய்ப்பு என்று வரைபடம் சொன்னால் கொள்ளு விதைக்கலாம். விதை கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி நாம் குடியிருக்கிற இடத்துக்கு வருகிறேன். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி இரவு பெங்களூரில் 130 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. வெளிவட்டச் சாலையும் சர்ஜாபூர் சாலையும் மூழ்கின. மென்பொருள் ஊழியர்கள் டிராக்டரில் வேலைக்குப் போனார்கள். அந்த ஆண்டின் மொத்த மழை 2017-இல் பதிவான 1,696 மில்லிமீட்டர் சாதனையையும் தாண்டியது. அடுத்த ஆண்டு எல் நினோ. 2023 செப்டம்பரில் கர்நாடக அரசு 195 தாலுகாக்களை வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. பின்னர் எண்ணிக்கை இன்னும் கூடியது. புரட்டாசியும் ஐப்பசியும் கைவிட்டன. 2024 மார்ச்சில் இதே நகரம் டேங்கர் லாரிக்கு முன்னால் குடத்தோடு நின்றது. வெள்ளத்துக்கும் தாகத்துக்கும் இடையே பதினெட்டே மாதம். இரண்டு ஆண்டிலும் தீர்மானித்தது இந்த இரண்டு மாதத்து மழைதான்.

கணக்கு ஒன்று பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த முப்பதுக்கு நாற்பது அடி சைட்டின் பரப்பு 111 சதுர மீட்டர். செப்டம்பர் மாதத்துச் சராசரி மழை மட்டும் அந்தச் சைட்டின்மேல் 22,000 லிட்டருக்கு மேல் இறக்குகிறது. 2024 கோடையில் நீங்கள் டேங்கருக்குக் கொடுத்த பணத்தை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். 2005 அக்டோபரில் பெங்களூரில் ஒரே மாதத்தில் 605 மில்லிமீட்டர் பெய்தது. அப்படி ஒரு மாதம் மறுபடி வரலாம்.

அப்படிப்பட்ட மழைக்கு இடம் வைத்துக் கட்டியவர்கள் உண்டு. சித்ரதுர்கா மாவட்டத்து ஹிரியூர் அருகே வேதவதி ஆற்றில் மைசூர் சமஸ்தானம் கட்டிய அணை வாணிவிலாச சாகர். 1907-இல் கட்டி முடித்தார்கள். வறண்ட நாட்டின் நடுவே நிற்கும் அணை. 1933-இல் முழு நீர்மட்டமான 130 அடியை எட்டியது. அடுத்து அது நிரம்பி வழிந்தது 2022 செப்டம்பரில். 89 ஆண்டு கழித்து. பத்ரா நீர் வந்து சேர்ந்ததும் அதற்கு உதவியது என்பது உண்மை. ஆனாலும் நான் வியப்பது கட்டியவர்களைத்தான். ஒரு தலைமுறையில் ஒருமுறை வரக்கூடிய மழைக்கும் இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

நாம் என்ன செய்திருக்கிறோம்? பொம்மசந்திரா ஏரி, கித்தகானஹள்ளி ஏரி, சந்தாபுரா ஏரி, முத்தநல்லூர் ஏரி, பிதரகுப்பே ஏரி: இவை ஒன்றுக்கொன்று தண்ணீர் கொடுக்கும் தொடர். மேல் ஏரி கோடி போனால் கீழ் ஏரிக்கு வரத்து. கடைசியில் அந்த நீர் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. மேட்டுநிலத்தில் ஆறு இல்லாத இடத்தில் புரட்டாசி மழையைப் பிடித்து வைக்க முன்னோர் கண்ட ஏற்பாடு இது. அந்தத் தொடரில் இன்று தொழிற்சாலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் ஓடுகின்றன. சந்தாபுரா ஏரியைக் காக்கத் தவறியதற்காக 2022-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. கெலவரப்பள்ளி மதகைத் திறந்தால் நுரை பொங்கி வெளியேறும் படங்களை ஒவ்வொரு மழைக்கும் செய்தித்தாளில் பார்க்கிறோம். அந்தத் தண்ணீரில் பாசனம் செய்கிறவர்கள் நம் சொந்தக்காரர்கள். இங்கே வேலை செய்து மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். கூடவே இதையும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்ல எனக்கு நெஞ்சு கனக்கிறது. சொல்லாமல் போவது தகாது.

நல்ல முன்னறிவிப்பு வந்தாலும் ஏரிகளை இணைக்கும் ராஜகால்வாய் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் ஏரிக்குப் போகாது, வீட்டுக்குள்தான் வரும். சரியான எச்சரிக்கை வந்தாலும் கழிவு நிறைந்த ஏரியில் மழைநீர் தங்க இடமில்லை. ஆகவே வானிலைத் துறையிடம் கேட்பதற்கு முன் நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. புரட்டாசி இடிமழை மாலையில் வருகிறது, ஷிப்டு மாறுகிற நேரம். ஓசூர் வரை இருசக்கர வண்டியில் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். பெட்ரோல் பங்க், பஸ் நிலையம், மெட்ரோ நிலையம் என்று கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். புணே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி உங்களைச் சுற்றி மின்னல் விழுவதைக் காட்டும், இலவசம்தான். கழனியில் ராகிக்குக் களை எடுக்கிற தாய்மார்களிடமும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் கையில் செயலி இருக்காது, உங்கள் தொலைபேசி எண் இருக்கும்.

கடைசியாக உங்களிடம் மூன்று கோரிக்கைகள். உத்தரெ மழை தொடங்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. உங்கள் தெரு மழைநீர் எந்தக் கால்வாயில் இறங்கி எந்த ஏரிக்குப் போகிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை நடந்து போய்ப் பாருங்கள். அடைப்பு இருந்தால் படம் எடுத்து நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ எழுதிக் கொடுத்து, எழுதிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். உங்கள் பஞ்சாயத்து மழைமானி எங்கே இருக்கிறது, நேற்று எத்தனை மில்லிமீட்டர் பதிந்தது என்று கேளுங்கள். அந்த எண்ணை அலுவலகப் பலகையில் தினமும் கன்னடத்திலும் தமிழிலும் எழுதச் சொல்லுங்கள். தொழிற்பேட்டையில் சங்கப் பொறுப்பில் இருக்கும் தோழர்கள், ஆரஞ்சு எச்சரிக்கை உள்ள நாளில் மாலை ஷிப்டு விடுகிற நேரத்தை மாற்றி வைக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் இப்போதே பேசுங்கள். மழை வந்த பிறகு பேசினால் யார் காதிலும் ஏறாது.